மூடிமேல் இருந்த இஸ்திரிப்பெட்டி

வேக வைத்த கேரட் என்றால் நண்டுக்கு அவ்வளவு பிடிக்கும், டாக்டர். நான்தான் பொடியாக நறுக்கிக் கொடுப்பேன். அவற்றின் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது.

என் மகள் குழல்வாய்மொழிக்கு அவள் அப்பா பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோது குற்றாலத்து ஓடையில் பிடித்துக் கொடுத்தவை. மூன்று நண்டு, ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. மேலகரத்து வீட்டில் பழைய மீன்தொட்டியில் பாதிக்கு மணலும் கல்லும் போட்டு, மிச்சத்தில் தண்ணீர் விட்டு வளர்த்தாள். காற்றுக்குழாயைப் பிடித்து ஏறிவிடும் என்று மூடிமேல் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வைப்பாள். காலையில் யூனிபார்ம் தேய்த்ததும், சூடு ஆறவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஒரு நாளும் மறந்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் நாற்பத்தொன்று. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்திருந்தால் வேறென்ன வரும்? வேண்டாம் என்று சொன்னால் அப்பாவுக்குப் போன் போட்டு அழுவாள். அதனால் அவள் பள்ளிக்கூடம் போனதும் பெட்டியை எடுத்து ஜன்னலில் வைத்தேன். மூடியைத் திறக்கவில்லை. லேசாக நகர்த்தினேன், ஒரு விரல் அளவு.

சாயங்காலம் அவள் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் தவழ்ந்து தேடினாள். ஒரு நண்டு கிரைண்டருக்கு அடியில் உயிரோடு நின்றது. நான் பார்த்தேன். துடைப்பத்தால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டேன். கிடைத்துவிட்டால் மறுபடியும் தொட்டி, மறுபடியும் நாற்பத்தொன்று.

"ஏட்டி, காலைல யூனிபார்ம் தேச்சியே, பெட்டியத் திரும்ப வச்சியா?" என்றேன்.

"வச்சேம்மா."

"வச்ச பெட்டி எப்படிட்டி ஜன்னலுக்குப் போச்சு?"

தொட்டியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். "வைக்கல போலம்மா" என்றாள். இரண்டு நாளில் மூன்று நண்டும் மூலைக்கொன்றாகக் காய்ந்து கிடந்தன.

அதிலிருந்து எதையும் இரண்டு தடவை பார்ப்பாள். கேஸ், குழாய், பூட்டு. எவ்வளவு பொறுப்பு என்று பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை பத்தானது. இந்த மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சைக்குப் போனவள், கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து மூன்று முறை திரும்பி வந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்தில் கேட்டைச் சாத்திவிட்டார்கள். "என்னய நம்பி எதையும் விடாதம்மா" என்றாள்.

எப்போது ஆரம்பித்தது என்று சற்று முன் அவளைக் கேட்டீர்கள். "நான் நண்டக் கொன்னதுலேருந்து" என்றாள். பக்கத்தில்தான் இருந்தேன். அவள் முன்னால் உண்மையைச் சொல்ல வெட்கம். அதனால்தான் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாக வந்திருக்கிறேன். அவள் கொல்லவில்லை, டாக்டர். நான்தான்.

இது உங்களோடு இருக்கட்டும். அம்மா இப்படிச் செய்தாள் என்று தெரிந்தால், பாவம், பிள்ளை மனசு தாங்காது. அவளுக்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்கள்.