உடுப்புக்குத்தான் பேரு

— இதெல்லாம் ஒரு பேராடா? பல்லு விழுந்தவன் தும்மின மாதிரி இருக்கு. ஓரின் தால்வெக்காம்!

— நான் எழுதுற கதை ராக்கெட்ல நடக்குதுக்கா. அங்க இருக்கறவன் பேரு அப்படித்தான் இருக்கும்.

— ராக்கெட்ல போனா நல்ல பேரு வைக்கக் கூடாதுன்னு சட்டமா? நானும் அம்மாவும் நேத்தெல்லாம் மண்டையைப் பிச்சுக்கிட்டு யோசிச்சு வச்சிருக்கோம். கேளு. ரோபோவுக்கு இரும்பன். அந்த நீலத் தோல்காரிக்கு மினுக்கி. எல்லாரையும் விரட்டிக்கிட்டே திரியுற மேஸ்திரிக்கு உர்ராங்கன்.

— உர்ராங்கன் பிரமாதம். எங்க மேஸ்திரிக்கே வைக்கலாம்.

— கதாநாயகனுக்குக் குருவி.

— அது வீட்டுல என்னைக் கூப்பிடுற பேருக்கா.

— அதனாலதாண்டா. வாசிச்சுக் காட்டுறப்ப 'குருவி கதவைத் திறந்தான்'னு வந்தா அம்மா முகம் எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு.

— குருவி வேண்டாம். மத்ததெல்லாம் உன் இஷ்டம். இவனுக்கு மட்டும் நான் சொல்றதுதான். பேனா எடு, எழுதிக்கோ. துறைமுகத்துக்கு பஸ் வர இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு.

— நான் எதுக்கு எழுதணும்? நீ எப்பவும் போல போன்ல பேசிப் பேசி டைப் பண்ணி குரூப்ல போட வேண்டியதுதானே?

— கப்பல்ல ஏறினதும் போனை வாங்கி வச்சுக்குவாங்க. ஆறு மாசம்.

— ஆறு மாசமா! என்னடா இப்பச் சொல்ற? கிடங்கு மாதிரியே குளிர் அறை வேலைதான்னு சொன்ன?

— கிடங்கேதான். இது கடல்ல மிதக்குது, அவ்வளவுதான். மீனை உறைய வச்சு அடுக்கணும். எழுதிட்டியாக்கா?

— இரு, காலண்டர்ல எழுதுறேன். ஓ... ரின்... தால்... வெக். ம், எழுதியாச்சு. கண்றாவி.

— பக்கத்துல நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழுன்னு போடு.

— நம்பர் வேறயா? இவன் என்ன மனுஷனா, பஸ்ஸா?

— அக்கா, விளையாடாத. போடு.

— போட்டுட்டேன்டா, ஏன் இப்படிக் கடிக்கிற? சாப்பிட்டியா இல்லையா?

— சாப்பிட்டேன். இப்ப படிச்சுக் காட்டு.

— ஓரின் தால்வெக். நாலு ஒண்ணு ஒண்ணு ஏழு. போதுமா மகாராஜா? கதை எழுதுறவங்க கொஞ்சம் கிறுக்குன்னு சொல்வாங்க, சரியாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், உன் கற்பனை இருக்கே, அடேயப்பா! அந்த மூணாவது அத்தியாயம்! அந்த ராக்கெட்ல ஆளுக்குப் பேரே கிடையாது, உடுப்புக்குத்தான் பேரு. நெஞ்சுல தச்சிருக்கு. ஒருத்தன் போயிட்டா அடுத்து வர்றவன் அந்த உடுப்பை மாட்டிக்கிறான், பேரும் அவனோடதாயிடுது. எப்படிடா தோணுச்சு உனக்கு?

— சும்மா தோணுச்சு.

— நாலாவது அத்தியாயம் படிச்சு நான் அழுதே போயிட்டேன். பூமியில இருந்து ஒரு தாய் கூப்பிடுறா. 'என் புள்ள எப்படி இருக்கான்'னு கேக்குறா. புள்ள பேரைச் சொல்றா. ராக்கெட்காரன் லிஸ்டைப் பார்த்துட்டு அப்படி ஒரு ஆளே இல்லைன்னு வச்சிடுறான். பாவி!

— அம்மா என்ன சொன்னாங்க அதுக்கு?

— அம்மாவா? பாதியிலயே எந்திரிச்சு சமையல்கட்டுக்குப் போயிட்டாங்க. போரடிச்சிருச்சு போல. ஆனா அதை மாத்திடுடா. அந்தத் தாய்க்கு ஏதாவது பதில் சொல்ல வை. மனசு ஆறவே இல்ல.

— பதில் கிடைக்கணும்னா அவ வேற பேரைச் சொல்லிக் கேட்டிருக்கணும்க்கா. உடுப்புல இருக்கற பேரை.

— அது அவளுக்கு எப்படித் தெரியும்?

— யாராவது முன்னாடியே சொல்லி வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

— குருவி. நீ போன வாரம் போட்டோ அனுப்பினியே. விண்வெளிக்காரன் மாதிரி தடியா ஒரு உடுப்பு. நெஞ்சுல ஏதோ எழுதியிருந்துச்சு. நான் கம்பெனி பேருன்னு நினைச்சேன்.

— கம்பெனி பேரு இல்ல.

— என்னடா சொல்ற?

— கத்தாத, அம்மாவுக்குக் கேக்கும். இங்க வேலை அனுமதி வாங்கினது அந்தப் பேர்லயும் நம்பர்லயும்தான். ஆள் மாறினா புதுசா வாங்கணும், கம்பெனிக்காரங்களுக்குச் சோம்பல். அதனால உடுப்பை மட்டும் மாத்தி விடுறாங்க. சாயங்காலம் குளிர் அறைக் கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி பேர் கூப்பிடுவாங்க. ஓரின் தால்வெக்னா நான் கை தூக்கணும். தூக்கலைன்னா உள்ள ஆள் இருக்குன்னே கணக்குல வராது.

— அப்ப நிஜமான ஓரின் எங்க?

— தெரியாது. எனக்கு முன்னாடி போட்டிருந்தவனும் ஓரின் இல்ல. ஊருக்குப் போயிட்டான்னு சொன்னாங்க. ஆனா அவன் அம்மா போன்ல கூப்பிட்டப்ப நான் ஆபீஸ்ல பெட்டி தூக்கிட்டு நின்னேன். கிளார்க் லிஸ்டைப் பார்த்தான், அப்படி யாரும் இல்லைன்னு வச்சுட்டான்.

— திரும்பி வந்துடுடா. இப்பவே வா. என்ன ஆனாலும் பரவாயில்ல.

— பாஸ்போர்ட் அவங்ககிட்ட இருக்குக்கா. கப்பல்ல இருந்து இறங்கினாத்தான் தருவாங்க. ஆறு மாசம் கழிச்சு நான் கூப்பிடலைன்னா, நீ எழுதி வச்ச பேரையும் நம்பரையும் சொல்லிக் கேளு. என் பேரைச் சொல்லிடாத. அம்மாகிட்ட மட்டும் எதுவும் சொல்லாத, தாங்க மாட்டாங்க. ஆங், பஸ் வந்துருச்சு.

— இரு, இரு! வச்சிடாத... அம்மா, நீ எப்ப வந்த? இல்லம்மா, சும்மா கதையைப் பத்தித்தான்...

— போனைக் குடு. கண்ணு, அம்மா பேசுறேன்.

— அம்மா! பஸ் வந்துருச்சும்மா. கதாநாயகனுக்குப் பேரு வச்சுட்டோம், அக்கா சொல்லுவா.

— கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஓரின் தால்வெக். நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு. சரியா?

— சரிம்மா. அது... அது வெறும் கதைம்மா.

— போன வருஷம் காய்ச்சல்ல கிடந்து அஞ்சு நாள் போன் எடுக்காம இருந்தியே. உங்க அக்காவுக்குக்கூடத் தெரியாம, கீழ் வீட்டு டீச்சரை விட்டு உன் கம்பெனிக்குப் பேசச் சொன்னேன். உன் பேரைச் சொல்லித்தாண்டா கேட்டோம்.

— அம்மா...

— உன் நாலாவது அத்தியாயத்தை நான் போன வருஷமே கேட்டுட்டேன் கண்ணு.