பசை காயுற வரைக்கும்

அழுத்திப் பிடி மக்கா, கைய எடுத்திராத. எடுத்தியோ, தட்டு ஒரு பக்கமா வழுக்கிரும், பெறவு என்னைய கொற சொல்லப்பிடாது. ரெண்டு பெருவெரலும் டார்ச்சுக்குள்ள இருக்க அந்தச் செம்புத் தட்டுக்க வெளிம்புல இருக்கட்டு. ஆங், அப்படித்தான். பசை காயுற வரைக்கும் அந்தால இரு. பஸ் வர இன்னும் நேரம் கெடக்கு. ஏஜண்டு என்ன, மார்த்தாண்டத்த விட்டு ஓடியா போயிருவான்? உனக்க பாஸ்போர்ட்டும் பறந்து போவாது. சட்டப் பையிலதான வச்சிருக்க, இன்னா, நீட்டிக்கிட்டுத் தெரியுதே.

நான் பிடிச்சா என்னவா? எனக்கு எங்க கை ஒழிவு? ஒரு கையில உனக்க அண்ணனுக்க மவ, இன்னொரு கையில சூடா இருக்க சோல்டரிங் அயன். கிளாராவ கீழ விட்டா நேரா இதுலதான் வந்து கைய வைப்பா. உங்க வீட்டு ரத்தம் அப்படி. சுடும்ண்ணு சொன்னாலும் தொட்டுப் பாக்காம அடங்காது.

அதென்ன சட்ட, புதுசா? செண்டு வேற. குவைத்து வேலைக்குக் கையெழுத்துப் போடப் போறவன் ஏஜண்டுக்கு மணக்கணுமா? பெமிலாவ அந்தோணியார் திருநாளுல பாத்தப்பகூட நீ இப்படி மணக்கலியே கொழுந்தா. அன்னைக்கு உனக்க மேல மண்ணெண்ணெ வாடையில்லா அடிச்சுது... சரி, சரி, அவ பேரச் சொல்லல. பேரச் சொன்ன ஒடனே காது மடலு செவந்து போவுது பாரு. கிளாரா, சித்தப்பாக்க காதப் பாத்தியா பிள்ளே?

தட்ட விட்டிராத, நான் காதத்தான பாக்கச் சொன்னேன்.

ஒண்ணு கேக்கட்டா ஷாஜா? கோவப்படாத. நீ கடப்புறத்துக்குப் பெய் எவ்வளவு நாளாச்சு? மரியான் மாமாக்க வள்ளத்துல உனக்க டார்ச்சு அணஞ்சதுல இருந்து நீ கோயிலுக்குப் பொறத்தால சுத்தி, செசிலி சித்தி வீட்டுக் கோழிக்கூட்டத் தாண்டியில்லா வாற. சித்தி எனக்கிட்ட கேக்குதா, உனக்க கொழுந்தனுக்கு எனக்க கோழி மேல ஏதும் கண்ணா எண்ணு. நான் என்னத்தச் சொல்ல? கோழி மேல இல்ல சித்தி, மரியான் மாமாக்க மவ பெமிலா மேலதான், ஆனா மாமாக்க மொகத்துல முழிக்கப் பயம், அதான் கோழிக்கு மொகம் காட்டுதான் எண்ணு சொன்னேன்.

சிரிச்சிட்டியே. பாத்தியா, பல்லெல்லாம் இன்னும் அங்கதான் இருக்கு.

இல்ல மக்கா, வெளையாட்டில்லண்ணு எனக்கும் தெரியும். அந்த வள்ளத்துல மாமா மட்டுமா இருந்தாரு? எனக்க ஆளும் இருந்தாரு. வெடியப்பொறம் அந்த வலிய கப்பலு நேரா வருது, இவங்க டார்ச்சத் தூக்கி அடிக்காங்க, வெளிச்சம் தென்னமரம் மாதிரி நிமிந்து போவுது, அந்தால பொசுக்குண்ணு அணஞ்சிட்டு. கப்பல்காரனுக்கு மேல இருந்து பாத்தா நம்ம வள்ளம் ஒரு தேங்காத் தொண்டு. செல்போன் லைட்டக் காட்டி, தொண்ட கிழிய கூவி, இஞ்சின முறுக்கித் திருப்பி ஒதுங்கிட்டாங்க. ஒதுங்கினதுனால நான் இப்ப இங்க இருந்துகிட்டு ஒன்னைய கேலி பண்ணுதேன். உனக்க அண்ணன் வந்து இதச் சொன்னப்ப நான் பயப்படலண்ணு சொன்னா அது பொய்யி. ஆனா ஒன்னைய ஒரு வார்த்த திட்டினேனா? நீயா உனக்குள்ள திட்டித் திட்டி, கடசியில குவைத்துல பெய் மொகத்த மறைக்கலாம்ண்ணு கெளம்பிட்ட.

சம்பாதிக்கத்தான் போறியா? அப்படியா. போன மாசம் விசா வந்தப்ப, வெளிநாடு எனக்குச் சரிப்படாது மைனி, நான் இங்கயே டார்ச்சு செய்து வித்துப் பொழச்சுக்கிடுதேன்ண்ணு சொன்னது எந்த ஷாஜன்? அவன எங்கயாவது பாத்தா வரச் சொல்லு, அவனுக்கு மீன்கொழம்பு எடுத்து வச்சிருக்கேன்.

காஞ்சுதாண்ணா? இல்ல, இன்னும் காயல. இந்தப் பசை ஒழுங்காப் பிடிச்சாத்தான் பல்புக்க சூடு தட்டு வழியா டார்ச்சுக்க ஒடம்புக்கு எறங்கும். நீ பாதியில விட்டா மறுபடியும் உள்ள கெடந்து கருவும். ஒனக்கே தெரியுமே, எனக்கு இதெல்லாம் சொல்லித் தந்ததே நீதான. மகளிர் குழுவுல எல்.இ.டி. பல்பு சேக்கப் பழகினப்ப ஈயத்த உருக்கி வெரல்ல ஊத்திக்கிட்டு நின்னவளுக்கு, கம்பிய எப்படிப் பிடிக்கணும்ண்ணு காட்டித் தந்தது யாரு?

அதனாலதான் சொல்லுதேன், தப்பு எங்கண்ணு பாத்தாச்சு. கேளு. கேட்டிட்டுப் போ.

நேத்து உனக்க அண்ணன் கேக்காரு, டார்ச்சுக்குள்ள எதுக்கு டிரைவரு, அவன் எந்த வண்டிய ஓட்டுகான் எண்ணு. நான் சொன்னேன், அது ஆளு இல்ல, ஒரு சின்னத் தகடு, பேட்டரியில இருந்து வாற கரண்ட அளந்து அளந்து பல்புக்கு ஊட்டி விடும், நான் கிளாராவுக்குக் கஞ்சி ஊட்டுத மாதிரி எண்ணு. அப்ப ஒண்ணு போதாதாங்காரு. சாதா டார்ச்சுக்குப் போதும். இதுல பன்னெண்டு பல்புல்லா, ஒருத்தி ஊட்டினா பத்துமா? அதான் ஷாஜன் மூணு டிரைவரு வச்சான்ண்ணேன். மூணு வச்சது தப்பில்ல மக்கா. நல்ல புத்திதான் அது. வச்சதுக்குப் பெறவு நீ செய்ததுதான் வேடிக்க.

வீட்டு ஒயரிங் பாத்த கை உனக்கு. கறுப்பு ஒயரக் கண்டா எல்லாத்தையும் சேத்து முறுக்கணும். நியூட்ரலு எல்லாம் ஒண்ணாப் போற பழக்கம். மூணு டிரைவருல இருந்து வாற கறுப்பையும் ஒரே முடிச்சு, செவப்பையும் ஒரே முடிச்சு, அதுல பன்னெண்டு பல்பையும் மொத்தமாக் கோத்துத் தொங்க விட்டிருக்க. மூணு பேரு மூணு கரண்டியோட ஒரே பிள்ளைக்க வாயில ஊட்டினா என்ன ஆவும்? எவ எவ்வளவு குடுத்தாண்ணு எவளுக்கும் கணக்குத் தெரியாது. ஒருத்தி கொஞ்சம் முந்துவா. மத்தவ ரெண்டு பேரும் பிள்ளைக்கு வயிறு நெறஞ்சு போச்சு போலண்ணு சும்மா இருப்பா. முந்தினவ தனியாக் கெடந்து மாரடிச்சு விழுந்து போவா. அவ விழுந்தா பாரம் அடுத்தவ தலையில, பெறவு அதுக்கு அடுத்தவ. அதான் எல்லாம் ஒண்ணா அணஞ்சுது. பிரிச்சுப் பாத்தேன், ஒண்ணு கரிக்கட்ட, ஒண்ணு அரைக்கரி, ஒண்ணு லேசாப் பழுப்பு.

ஐயோ, நான் ஒண்ணும் பெரிய ஆளில்லப்பா, அப்படிப் பாக்காத. புது டிரைவரு மூணு குளச்சல்ல வாங்கியாந்து, உனக்க முடிச்ச அவுத்துப் பாத்தா, முறுக்கின எடம் எல்லாம் ஒடிஞ்சு ஒயரு குட்டையாப் போச்சு. ஒண்ணுக்கொண்ணு எட்டல. கடைக்குத் திரும்பப் போவ எனக்கு மடி. சரி சவம், எட்டுற எடத்துல வைப்போம்ண்ணு, பல்ப நாலு நாலாப் பிரிச்சு, ஒரு டிரைவருக்கு நாலு, அதுக்க செவப்பும் கறுப்பும் அது அதுக்கே திரும்புத மாதிரி வச்சேன். மூணுக்கும் பொதுவா இருக்கது பேட்டரி மட்டும், சுவிட்சு ஒவ்வொண்ணுக்கும் தனி. எரிஞ்சுது பாரு, கண்ணு கூசி கிளாரா அழுதிட்டா. ஒரு டிரைவர மட்டும் கழத்தி விட்டுப் பாத்தேன், மத்த எட்டு பல்பும் ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னு எரியுது. கடல்ல நமக்கு அது போதும்லா? ஒண்ணு செத்தாலும் ரெண்டு இருக்கும். ஒயரு மட்டும் நீளமா இருந்திருந்தா நானும் ஒன்னைய மாதிரியே முறுக்கி மாமாக்க கையில குடுத்திருப்பேன்.

இன்னொண்ணு. மூணும் முழுசாக் குடிச்சா பேட்டரிக்கு மூச்சு முட்டும். கடல்ல இருந்து வல இழுக்க ஒரு டிரைவருக்க வெளிச்சம் தாராளம். மூணையும் கப்பலு கிட்ட வரும்போ மட்டும் போட்டாப் போதும்ண்ணு மாமாகிட்ட நீ சொல்லிக் குடு.

நீ இருக்கமாட்டியா? ஆமா, மறந்தே போச்சு. நீ குவைத்துலல்லா இருப்ப.

முழுத் தப்பும் உனக்க தலையிலதான்ண்ணு நெனச்சு நிக்கியே, அதுலயும் ஒனக்குப் பாதிதான் பங்கு, கேட்டியா? டார்ச்சு எனக்க கையில வாறப்ப எப்படி இருந்துது தெரியுமா? கழுத்துல இருந்து வாலு வரைக்கும் சைக்கிளு ட்யூபு. இறுக்கி, ரெண்டு சுத்து, மேல நைலான் கயறு. நீ சுத்திக் குடுத்தியா? இல்லல்லா. உப்புத்தண்ணி ஏறிரப்பிடாதுண்ணு மரியான் மாமா சுத்தினது. வள்ளத்துக்குப் போனா தீப்பெட்டியில இருந்து செபமால வரைக்கும் ட்யூபக் கிழிச்சுச் சுத்துற ஆளுல்லா அவரு. டார்ச்சுக்க ஒடம்பு காத்துல ஆறணும்ண்ணு நீ மொழிஞ்சும் வைக்கல. மாமனாரா வரப்போறவருகிட்ட பேசப் பயம். டார்ச்ச நீட்டிட்டு ஓடியாந்திருப்ப. ட்யூபுக்குள்ள கெடந்து அது வெந்திருக்கு. நான் அறுத்து எடுத்தப்ப ரப்பரு வாடையில பூன ஓடிப் போச்சு.

எப்படித் தெரியும்ண்ணா? தெரியும். அத விடு.

அன்னா ஆரனு. ஆமா, கருங்கல் வழியாப் போற உனக்க பஸ்சுதான். எழும்பாத! எழும்பாத மக்கா, தட்டு! ஒரு நிமிசம் இரு, பசை கொஞ்சம் மெழுவு மாதிரிதான் இருக்கு. நீ இப்பம் விட்டிட்டுப் போனா இந்த டார்ச்சு இன்னைக்குச் சாயங்காலம் உனக்க அண்ணனுக்கு ஆவாது. போறியா? போ. விட்டிட்டுப் போறதுண்ணா போ, நான் தடுக்கல. கிளாரா, சித்தப்பாக்க மடியில பெய் இரி பிள்ளே. அவ்வளவுதான்.

போவலியா?

போச்சு பஸ்சு. ஓடாத, வளவு திரும்பியாச்சு. நாளைக்கும் இதே பஸ்சு இதே மாதிரி ஆரனடிச்சு வரும். அப்பவும் போவணும்ண்ணு தோணிச்சுண்ணா போ, நானே சோறு கெட்டித் தாறேன். சத்தியமா.

மொறைக்காத. எனக்க சொந்த புத்தி இல்ல இது. காலையில பெமிலா போன்ல விளிச்சா. ஒனக்கு விளிச்சு விளிச்சு எடுக்காம எனக்கு விளிச்சா. அழுதா. மைனி, அந்தப் பஸ்சுக்கு மட்டும் விட்டிராதிய, அப்பா கரையேறி மீனு ஏலம் விட்ட ஒடனே வருவாரு எண்ணா. ட்யூபு சுத்தினது தானுண்ணு மாமாவுக்கே தெரியும்டே. டார்ச்ச எனக்கிட்ட கொண்டுவந்து தந்ததே அவருதான். அதச் சொல்ல அவருக்கும் ஒன்னைய மாதிரியே மொகம் வராம, இவ்வளவு நாளும் அவரு அந்தச் சந்து வழியா, நீ இந்தச் சந்து வழியா. இன்னைக்கு அவரே வந்து அவருக்க வாயாலச் சொல்லணுமாம். நான் முந்திச் சொல்லிட்டேன், நீ இப்பம்தான் கேக்குத மாதிரி இருந்துக்க.

இன்னா, வாசல் படல தொறக்குத சத்தம். வாருங்க மாமா, உள்ள வாருங்க, இவன் இங்கதான் இருக்கான். பின்னால நிக்கது யாரு, பெமிலாவா? நீயும் வா பிள்ளே, செருப்பு கெடக்கட்டு.

என்னலே, கையில டார்ச்சோட பேந்தப் பேந்த முழிக்க? கைய எடுத்திட்டு எழும்பி மாமாவுக்கு இருக்கக் கசேரியப் போடு. விழாது மக்கா, கைய எடு. அந்தத் தட்ட நான் நேத்தே ஒட்டிக் காய வச்சாச்சு.