மஞ்சள் மாத்திரை

என் கையெழுத்து தெளிவாக இருக்கும் இன்ஸ்பெக்டர் ஐயா. நாலு பேர் முன் பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் பி.எஸ்சி. உயிர்வேதியியல் படித்தவள். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊரில் ஆங்கிலம் வாசிப்பவள் நான் மட்டும் என்பதால், அக்கா ருக்குமணியின் மகள் தேன்மொழியைப் பற்றிய மருத்துவத் தாள்கள் எல்லாம் என்னிடமே வந்தன. குழந்தைக்கு இரண்டரை வயது. கழுத்து நிற்கவில்லை. விழுங்கச் சிரமப்பட்டாள். தசைகள் தளர்ந்துபோகும் அபூர்வ நோய், பதினாறு கோடி ரூபாய் ஊசி ஒன்றுதான் வழி என்று முதலில் பார்த்த டாக்டர் சொன்னார்.

எங்கள் பக்கம் ஊரில் பணம் திரட்டுவதென்றால் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் என்று தெரிந்தால் அந்த வீட்டுச் சாவுக்குக்கூட யாரும் போக மாட்டார்கள். அக்கா அழுதுகொண்டிருந்ததால் நான் அணைத்தேன். "வேறு மருந்து இல்லை" என்றேன். கூட்டத்தில் நான் பேசியது அது ஒன்றுதான்.

எல்லோரும் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக் கண்ணாயி அத்தை முற்றாத மிளகையே உருவி விற்றார். நான் போட்ட வீடியோவைப் பார்த்து வெளியூர்க்காரர்களும் அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் மூன்று கோடி சேர்ந்தது.

அப்போதுதான், நோயை உறுதிசெய்யச் சென்னைக்கு அனுப்பியிருந்த ரத்தத்தின் மரபணுச் சோதனை முடிவு என் போனுக்கு வந்தது. நோய் வேறு. அதுவும் அபூர்வமானதுதான், ஆனால் ஒரு வைட்டமின் போதும். மஞ்சள் மாத்திரை, மாதம் முந்நூறு ரூபாய்க்குள். இன்றே தொடங்குங்கள், தாமதித்தால் மூச்சு போய்விடும் என்று சென்னை டாக்டர் எழுதியிருந்தார்.

கற்பூரத்துக்கு நான் பயப்படவில்லை. மனிதர்களுக்குத்தான் பயந்தேன். கோயிலில் மறுபடி எழுந்து நின்று, வேறு மருந்து இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியாது. அக்காவிடம் சொன்னால் அன்றே ஊருக்குச் சொல்லிவிடுவாள். முழுத் தொகையும் சேரட்டும், ஊசி போடும்போது மாத்திரையையும் ரகசியமாகக் கொடுத்துவிடலாம், ஊசியால் பிழைத்ததாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் பிள்ளை இருமக்கூட முடியாமல் தவித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. மாத்திரை வாங்கிப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். நான்கு நாள். ஐந்தாம் நாள் காலையில் கழுத்தைத் தானாகத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

வாசலில் நின்ற கண்ணாயி அத்தை சிரித்தார். "ஏங்கண்ணு, ஊசி வாரதுக்குள்ள எந்திரிச்சு ஓடிருவாளாட்டம் இருக்குது. எம்பட மொளகு வீணாப் போச்சா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க அத்தை."

"ஓடுனா ஓடட்டும் சாமி. கொடி மறுவருசமும் காய்க்கும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். இருந்தாலும் அன்று நான் பாலில் எதையும் கரைக்கவில்லை. மறுநாளும் இல்லை.

மாத்திரையை நிறுத்திய இருபத்தாறாம் நாள், ஆம்புலன்ஸ் மலை இறங்கும்போது, பாதி வளைவுகள்கூடத் தாண்டவில்லை, தேன்மொழியின் மூச்சு நின்றது. ஊரே சாவுக்கு வந்தது. போன வாரம் சென்னை டாக்டர் அக்காவுக்கே போன் செய்து, மாத்திரை வேலை செய்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

தெரிந்தே நிறுத்தியவள் நான்தான். ஆனால் ஐயா, அந்த நான்கு நாளும் பிள்ளைக்குச் சரியான மருந்து கொடுத்தது இந்த ஊரில் நான் ஒருத்திதான். அதையும் நீங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.