மேல்வீட்டுத் தண்ணி

அத்தை: கதவைத் திறடி பெரியவளே. நான்தான், கீழ்வீட்டுத் தையக்கார அத்தை.

பெரியவள்: அப்பா வீட்ல இல்ல அத்தை. வேலைக்குப் போயிட்டாரு.

அத்தை: உங்கப்பாவை இப்ப யாரு கேட்டா? உங்க வீட்டுத் தண்ணி என் தலையில சொட்டுது. தைச்சு வச்ச துணியெல்லாம் பாழ். திற.

பெரியவள்: யார் வந்தாலும் திறக்கக் கூடாதுன்னு அப்பா...

அத்தை: நான் யாரோவா? உன் பாவாடைக்கு அளவெடுத்தவடி நான்.

சின்னவள்: திறந்துடலாம்க்கா...

பெரியவள்: ஷ்... வாயை மூடு.

அத்தை: அங்க என்ன குசுகுசுன்னு? சரி, திறக்க வேண்டாம். குழாயை மட்டும் மூடிட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்.

பெரியவள்: முடியாது அத்தை.

அத்தை: கை எட்டலையா? ஸ்டூல் போட்டு ஏறு.

பெரியவள்: அது இல்ல...

சின்னவள்: நாங்க தண்ணியிலதான் நிக்கிறோம் அத்தை. குளிருது.

பெரியவள்: உன்னைச் சும்மா இருன்னேன்ல.

அத்தை: அம்மா எங்க?

பெரியவள்: ஊருக்குப் போயிருக்காங்க. நாளைக்குத்தான்...

அத்தை: ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?

சின்னவள்: பிஸ்கட்.

அத்தை: பொழுதே சாயப் போவுது, பிஸ்கட்டாம்... ஏன்டி, உன் குரல் ஏன் நடுங்குது?

பெரியவள்: திறந்தா அப்பா தோலை உரிச்சிடுவாரு.

அத்தை: உரிப்பாரு, உரிப்பாரு. பெத்தவர்தான், இல்லைங்கல. அதுக்கு ஒரு அளவு வேண்டாமா? வரட்டும், நான் பேசிக்கறேன்.

சின்னவள்: பொய். உங்களுக்கும் அப்பான்னா பயம். அன்னிக்கு அக்கா அவ்ளோ கத்தினா... நீங்க வரவே இல்ல.

பெரியவள்: அவ ஏதோ உளர்றா அத்தை.

அத்தை: உளறல. எனக்குக் கேட்டுச்சு. பயந்துக்கிட்டு மெஷினை வேகமா ஓட்டினேன்... இப்ப வந்திருக்கேன்ல. திற கண்ணு.

பெரியவள்: இருங்க... சங்கிலி இறுக்கமா இருக்கு... வாங்க.

அத்தை: ஐயோ, பாவாடையெல்லாம் முட்டி வரைக்கும் ஈரம். தள்ளு, நானே போய் மூடறேன்.

பெரியவள்: போகாதீங்க அத்தை. பாத்ரூம்ல உள்பக்கம் தாழ் போட்டிருக்கு.

அத்தை: உள்பக்கமா? நீங்க ரெண்டு பேரும் இங்க நிக்கிறீங்க... அப்ப உள்ள யாரு?

பெரியவள்: அப்பா. யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லச் சொல்லியிருக்காரு.

அத்தை: எப்ப உள்ள போனாரு?

சின்னவள்: காலையில. ஏதோ தடால்னு விழுந்துச்சு. குளிக்கறப்ப கதவைத் தட்டினா அடிப்பாரு அத்தை... நாங்க தட்டவே இல்ல.