பேர் வெட்டிய கையாலேயே மனு எழுதியவர்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தானா ராத்தா வணிகர் ஜனாப் சேக் தாவூத் அவர்களே! கணவரை அடக்கம் செய்து ஏழு நாள்கூட ஆகாத நிலையில் மேடையில் வந்து அமர்ந்திருக்கும் மேவிஸ் அம்மையார் அவர்களே! மழையில் நனைந்த உடுப்பு உலர்வதற்குள் ஓடி வந்திருக்கும் தோட்டத்துத் தோழர்களே, தாய்மார்களே! கடைசி வரிசையில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் போலீஸ் இலாகா நண்பரே! எல்லாருக்கும் என் வணக்கம்.

நான் ராமையா, மேல் டிவிசன் கங்காணி. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்து ஆட்களுக்கு என் குரலே போதும். இருபது வருடமாக அதைக் கேட்டு நொந்து போனவர்கள் அவர்கள்.

தோட்டத்துக் கணக்கு எழுதிய நம் பெரிய கிராணியார் அம்புரோஸ் மறைந்தார். நெஞ்சில் சளி கட்டி, பதினோரு நாள் மூச்சோடு மல்லுக்கட்டி, போன செவ்வாய்க்கிழமை கண்ணை மூடினார். யாருக்காக அந்த மூச்சை இழுத்துப் பிடித்து வைத்திருந்தார்? நாகப்பனுக்காக! செய்யாத குற்றத்துக்குத் தைப்பிங் சிறையில் இருக்கும் நம் நாகப்பனின் மனு, இந்த மாதம் பதினெட்டாம் தேதி விசாரணைக்கு வருகிறது. அன்று கூண்டில் ஏறி, "நான் எழுதிய குறி பொய்" என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி அவர்தான். அந்தச் சாட்சியை மண்ணில் வைத்துவிட்டோம். பத்து வருடத் தண்டனையில் நாகப்பன் கழித்தது ஒன்று. மீதி ஒன்பதுக்கு யார் பதில் சொல்வது?

நடந்ததைச் சொல்கிறேன். சென்ற வருடம் ஒரு புதன்கிழமை. ஒன்பதாம் நம்பர் மலைக்கு மேலே காட்டு ஓரத்தில் ஒரு சாக்கு அரிசியும் இரண்டு சார்டின் டின்னும் அகப்பட்டன. அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போன சாப்பாடு என்றார்கள். காலை பத்து மணிக்கு ஒருவன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடியதை ரோந்து வந்தவர்கள் பின்னாலிருந்து பார்த்தார்களாம். முதுகை மட்டும் பார்த்தார்கள்! முதுகை வைத்து யாரைப் பிடிப்பது? தினம் ஆள் வரவு குறிக்கும் செக்ரோல் புத்தகத்தைக் கேட்டார்கள். அன்று மேல் டிவிசனில் வேலைக்கு வராதவர் யார் என்று தேடினார்கள். ஒரே ஒரு பெயருக்கு நேரே குறி இருந்தது. நாகப்பன்!

நாகப்பனா வரவில்லை? விடியற்காலையில் ஆள் கூடும் பெரட்டிலிருந்து மாலை நிறுவை வரை அவன் கூடையைச் சுமந்துகொண்டு அந்த மலையில் நின்றான். அவனோடு இருபத்திரண்டு பேர் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தார்கள். வந்தவனுக்கு வரவில்லை என்று குறி விழுந்தது எப்படி? தோட்டத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எதிர்த்துப் பேசினால் பேர் வெட்டு! வேலையையும் முழுதாக வாங்குவார்கள், வரவில்லை என்று பேரையும் வெட்டி அன்றைய கூலியையும் பிடிப்பார்கள். எந்தச் சட்டத்தில் இருக்கிறது இது? எதிலும் இல்லை! ஆனால் நீதிமன்றத்துக்கு இந்த வழக்கம் தெரியாது. அங்கே தாளில் இருப்பதே சத்தியம்.

அம்புரோஸ் கிராணியாரைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்தப் புத்தகத்தை அவர் எப்படிக் காத்தவர்! பனியில் தாள் நமத்துவிடும் என்று, கொழுந்து வாட்டும் மாடிக்கு எடுத்துப் போய்க் காய வைப்பவர். "இது உன் கையெழுத்தா?" என்றார்கள். "ஆமாம் ஐயா" என்றார். "இந்தக் குறிக்கு என்ன பொருள்?" என்றார்கள். "வேலைக்கு வரவில்லை என்று பொருள் ஐயா" என்றார். இறங்கு என்றார்கள், இறங்கிவிட்டார். இரண்டே பதில். இரண்டுமே கேட்ட கேள்விக்குச் சரியான பதில். நாகப்பனுக்குப் பத்து வருடம்!

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று மேவிஸ் அம்மையார் சொல்கிறார். ஒருநாள் நேராக லயத்துக்குப் போய், நாகப்பன் மனைவி இராசம்மா வீட்டு வாசலில் நின்றார்.

"எம்மா, கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன். கேக்காததச் சொல்லாம வந்துட்டேன். மன்னிச்சிரு."

இராசம்மா உட்காரச் சொல்லவில்லை. "எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆவப் போவுது? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அன்றைக்கே அவர் மனு எழுத உட்கார்ந்தார். நமக்கெல்லாம் பேர் வெட்டிய அதே கை! முதலில் துரையிடம் போய்ச் சொன்னார். துரை என்ன கேட்டார் தெரியுமா? ஒரு குறி பொய் என்றால் பதினான்கு வருடப் புத்தகமும் பொய்யாகிவிடுமே என்றார். "ஆமாங்க தொரை, அதுலயும் நெறைய பொய் இருக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார் நம் கிராணியார்! மறுநாள் வேலை போயிற்று. மூன்றாம் நாள் வீடு போயிற்று. தலைவர் சேக் தாவூத் தம் கடை மாடியில் இடம் கொடுத்தார். போலீஸ் இரண்டு முறை வந்து விசாரித்தபோதும் அவர் அசையவில்லை. கிராணியாரோ இளைப்பு நோயோடு, ஐம்பத்து மூன்று வயதில், திரிங்காப்பில் லாரி ஏறும் முட்டைக்கோஸை எடை போட்டுக்கொண்டே, அந்த மனுவை நான்கு முறை அனுப்பினார். மூன்று முறை திரும்பி வந்தது. நான்காவதைத்தான் ஏற்றார்கள். இவரையா கோழை என்று சொன்னோம்? சொன்னோமே!

இப்போது ஈப்போ வக்கீல் சொல்கிறார்: எழுதியவர் இறந்துவிட்டார், கூண்டில் நின்று குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் மனு நிற்காது.

தோழர்களே, அந்த மனுவில் ஒரு பெயர் இல்லை. நாகப்பன் பேரை வெட்டிய கை அம்புரோஸுடையது. வெட்டச் சொன்ன வாய் யாருடையது?

இந்த வாய்தான்! அன்று காலைப் பெரட்டில் நம் அற்புதம்மாள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்றாள். "காய்ச்சக்காரிய மழையில மலைக்கு ஏத்தாதீங்க கங்காணி, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றான் நாகப்பன். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டானே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவனுக்கு இன்னைக்குப் பேர் போடாதீங்க கிராணி" என்றேன். "வேல செய்யுறானே கங்காணி?" என்றார் அம்புரோஸ். "செய்யட்டும்லா! அப்பத்தான் வாய் அடங்கும்" என்றேன். அற்புதம்மாளையும் அதே நிரையில் மலைக்கு ஏற்றினேன். என் வாய்க்கொழுப்புக்கு அவன் ஜெயிலில் கிடக்கிறான்.

மனு எழுதும் முன் அம்புரோஸ் என் வீட்டுக்கு வந்தார். "ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிருவோம்" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை என்று கதவைச் சாத்தினேன். பொய்! கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். என் பெயரை அவர் அன்றே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பழி முழுவதையும் தானே சுமந்துகொண்டு போய்விட்டார். வெட்கமாக இருக்கிறது எனக்கு. உங்கள் முன்னால் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

பதினெட்டாம் தேதி அந்தக் கூண்டில் நான் ஏறுவேன்! வேலை போகட்டும். வீடு போகட்டும். கப்பலேற்றுவதானால் ஏற்றட்டும், சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன்!

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது, எல்லாரும் எழுந்து நின்று இரண்டு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறது. தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், அந்த மௌனம் வேண்டாம்! ஒரு வருடமாக நாம் வேறு என்ன செய்துகொண்டிருந்தோம்? அந்த இருபத்திரண்டு பேரில் பாதிப்பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து நில்லுங்கள், நின்று உங்கள் பேரைச் சொல்லுங்கள். இருபத்திரண்டு பேரையும் கப்பலேற்றினால் ஒன்பதாம் மலையில் யார் கொழுந்து எடுப்பார்?

போலீஸ் நண்பரே, பென்சிலைச் சீவிக்கொள்ளுங்கள். முதல் பேர் ராமையா. அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நாகப்பன் என் கண் முன்னால் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

அற்புதம்மா, எழுந்துட்டியா? சத்தமாச் சொல்லு.