இடது கட்டைவிரலில் நீல பிளாஸ்திரி

பெயர்: வெங் லீஹுவா. கணவர் பெயர்: யூ காங்பின். வயது: 34. சொந்த ஊர்: சீனா, ஃபூஜியன் மாகாணம், ஃபூச்சிங். தொழில்: முதியோர் இல்லத்தில் சலவைப் பணி, சென்ற மாதம் 9ஆம் தேதி முதல் வேலை இல்லை. தற்போதைய முகவரி: சிட்னி, ஹர்ஸ்ட்வில், ரயில் நிலையத்துக்குப் பின்புறம் உள்ள செங்கல் கட்டடம், வீட்டு எண் 7. மே 19ஆம் தேதிக்குப் பிறகு முகவரி: ஃபூச்சிங்கில் அண்ணன் வீடு. புதுக் கட்டடம், கதவு எண் தெரியாது.

2019 மே 6ஆம் தேதி திங்கட்கிழமை காலை 10.15 மணிக்கு, காவல் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் திரு. சூ அவர்களை வைத்துக்கொண்டு, விசா முகவர் தாங் மெய்ச்சின் மீதான வழக்கில் சாட்சியாக என்னை விசாரித்தபோது நான் சொல்வதாவது:

விருப்பமில்லாத எதையும் சொல்ல வேண்டியதில்லை என்றும், சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்றும் அதிகாரி முதலில் எடுத்துச் சொன்னார். எனக்கு எதிராகத் திரும்ப இனி எதுவும் மிச்சமில்லை என்றேன். இதையும் மொழிபெயர்க்கவா என்று திரு. சூ கேட்டார். செய்யுங்கள் என்றேன்.

நான் 2015 பிப்ரவரியில் மாணவர் விசாவில் இந்த நாட்டுக்கு வந்தேன். ஆங்கிலமும் கணக்கியலும் படிப்பதாக ஏற்பாடு. ஒரு வருடம் ஒழுங்காகப் படித்தேன். அதன் பிறகு விசாவை நீட்டிக்க வேண்டி வந்தபோது, ஃபாரஸ்ட் சாலையில் பேக்கரிக்கு மாடியில் அலுவலகம் வைத்திருந்த தாங் மெய்ச்சினிடம் போனேன். அவர் எங்கள் ஊர்க்காரர், என் அண்ணனோடு ஒரே பள்ளியில் படித்தவர். அதனால் அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. ஊர்க்காரியிடம் போய் உரிமம் கேட்பது, சாப்பாடு போடுகிறவரிடம் விஷம் இருக்கிறதா என்று கேட்பது போல. அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். அவர் என்னை வேறொரு கல்லூரிக்கு மாற்றினார். மேஜை நாற்காலிக் கடைக்கு மேலே இரண்டு அறை, நான்கு கணினி. செவ்வாய்க்கிழமை மட்டும் போய் வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். அது தவறு என்று தெரியும். ஆனால் விசா வந்தது. விசா வந்ததும் அக்கா கெட்டிக்காரி என்று நம்பிவிட்டேன்.

2016 மே மாதம் என் கணவரைச் சந்தித்தேன். அவர் வாத்து வறுவல் கடையில் சமையல்காரர், இங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர், அவரும் ஃபூச்சிங் பக்கம்தான். அந்த ஆண்டு ஆகஸ்டில், இங்கே அவரோடு இருந்த அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அதன் பிறகு நான் அந்த வீட்டுக்கே போய்விட்டேன். மாமனாருக்குக் கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். அவருக்கு எங்கள் ஊர்ப் பேச்சு தவிர வேறு எதுவும் புரியாது. இதனால்தான் என் கணவர் என்னோடு சீனாவுக்கு வர முடியாது என்பதைப் பதிவு செய்துகொள்ளக் கேட்கிறேன்.

2017 ஏப்ரல் 15ஆம் தேதி என் மாணவர் விசா முடிவதாக இருந்தது. அதற்குள் திருமணம் செய்து, கணவன் மனைவி விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்தோம். எப்படியும் செய்துகொள்ள இருந்த கல்யாணம்தான், தேதி மட்டும் முன்னால் வந்தது. மார்ச் 27, திங்கட்கிழமை, அவருக்கு விடுமுறை நாள், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். சமையலறையில் கூட வேலை செய்யும் இரண்டு பேர் சாட்சி. விருந்தை ஊருக்குப் போகும்போது வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தோம். இன்று வரை வைக்கவில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் 13 அன்று, கல்யாணப் படம் எடுத்துக்கொண்டோம். எங்கள் வழக்கத்தில் முதலில் படம், பிறகுதான் கல்யாணம். ஸ்டூடியோக்காரர்கள் காலையில் முகத்துக்கு மாவு பூசி உட்கார வைத்தால் மாலை வரை ஐந்து உடுப்பு மாற்றிவிடுவார்கள். வெள்ளை கவுனில் பனிமலை, சிவப்புப் பட்டில் பழைய மாளிகை, கோட்டுப் போட்டு இலையுதிர் காடு, பருத்தி உடையில் கடற்கரை, கடைசியாகப் பள்ளிச் சீருடை. எல்லாம் துணியில் வரைந்த திரை. எங்கள் ஊரில் அந்தப் பனியை யாரும் நம்பமாட்டார்கள், நம்பச் சொல்வதும் இல்லை. கல்யாணம் என்றால் ஒரு நாள் ராஜா ராணி மாதிரி நிற்பது, அவ்வளவுதான்.

முந்தின நாள் வாத்து வெட்டும்போது என் கணவருக்கு இடது கட்டைவிரலில் வெட்டுப்பட்டிருந்தது. காலையில் ரத்தம் நிற்காததால், அவர் கடையில் வைத்திருக்கும் நீல பிளாஸ்திரியை நான்தான் சுற்றி ஒட்டினேன். சமையலறைகளில் நீலம்தான் வைப்பார்கள், சோற்றில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று.

அதன் பிறகு ஏப்ரல் 3ஆம் தேதி நாங்கள் இருவரும் தாங் மெய்ச்சினிடம் போனோம். சேர்ந்து வாழ்வதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டார். வாடகை ஒப்பந்தம் கிடையாது, வீட்டுக்காரர் ஊர்க்காரர், வாய்ச்சொல்தான். மின்சாரக் கட்டணம் அவர் பெயரில். வங்கிக் கணக்கு தனித்தனி. என் போனை வாங்கி நாங்கள் இருவரும் அனுப்பிக்கொண்ட செய்திகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னது:

"காலைல சாப்பிட்டியா, மத்தியானம் சாப்பிட்டியா, சாயங்காலம் அப்பா சாப்பிட்டாரா. இதைப் பாத்தா புருஷன் பொண்டாட்டின்னு எவன் நம்புவான் தங்கச்சி? ரெண்டு பேரும் சேந்து மெஸ் நடத்துறீங்கன்னு நெனப்பான்."

என் கணவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. நானும் சிரித்தேன். அந்தச் செய்திகளை அவர் விண்ணப்பத்தில் சேர்க்கவில்லை.

அதன் பிறகு இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள் உண்டா என்று கேட்டார். மாமனாரைக் கவனிக்கும் வீட்டில் யார் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கல்யாண ஆல்பத்தின் படங்கள் இருக்கின்றன என்று கொடுத்தேன். பார்த்துவிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எட்டுத் தாள்களில் கையெழுத்துப் போடச் சொன்னார். அவற்றில் எதுவும் எழுதியிருக்கவில்லை. என் கணவர் தயங்கினார். "அக்கா நம்மூரு, போடுங்க" என்று அவரிடம் சொன்னது நான். என் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியையும் தாங் மெய்ச்சினே திறந்து, கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார். அரசாங்கத்திலிருந்து எனக்கு வரும் கடிதம் என்னைத் தவிர மற்றவர்கள் கைக்குப் போகும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு, முடிவு வரும்வரை தங்கி வேலை செய்யத் தரும் இடைக்கால விசாவில், பதினாறு மாதம் காத்திருந்தோம். 2018 ஆகஸ்டில் ஒரு நாள் மதியம், கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், குடிவரவுத் துறையிலிருந்து என் கணவருக்குத் தொலைபேசி வந்தது. மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் இருந்தார். 2015 ஜூனில் மனைவியோடு எந்தப் பனிமலைக்குப் போனீர்கள் என்று அவர்கள் கேட்டார்களாம். நாங்கள் சந்தித்ததே 2016இல். என் கணவர் உள்ளதைச் சொன்னார். அன்று மாலை வீட்டுக்கு வந்து, சட்டையில் வாத்து எண்ணெயோடு உட்கார்ந்து, எனக்கு நடித்தே காட்டினார்:

"பனியா? அது சோப்பு நுரைங்க. ஸ்டூடியோவுல மேலேருந்து ஒருத்தன் கொட்டினான், என் வாய்க்குள்ளகூடப் போச்சுன்னு சொன்னேன். நல்லாத்தான் பேசினேன் லீஹுவா. ஒண்ணையும் மறைக்கல."

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அன்று அவருக்கு ஒரு முட்டை அதிகமாகப் பொரித்துக் கொடுத்தேன். மறுநாள் தாங் மெய்ச்சினிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. ஆனால் ஒன்றும் ஆகாது, காத்திருங்கள் என்று மட்டும் சொன்னார்.

2019 ஜனவரியில், எங்கள் புத்தாண்டான வசந்தப் பண்டிகைக்குத் தாங் மெய்ச்சினுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுக்கப் போனபோது பேக்கரி மாடியில் பெயர்ப்பலகை இல்லை. நகத்துக்குச் சாயம் பூசும் கடை வந்திருந்தது. போனில் என்னை நட்பிலிருந்து நீக்கியிருந்தார். அவருடைய படம் இருந்த இடத்தில் ஒரு தாமரைப்பூ இருந்தது.

ஏப்ரல் 9ஆம் தேதி நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்யும் விசா சோதனையில், எனக்கு விசாவே இல்லை என்று வந்தது. மேலாளர் அம்மாள் கணினியைத் திருப்பிக் காட்டினார். ஈரத் துணியை உலர்த்தியில் போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அதற்கும் இனி அனுமதி இல்லை என்றார்.

அதன் பிறகு 11ஆம் தேதி குடிவரவுத் துறைக்கு நானாகவே போனேன். பிப்ரவரி 11 அன்றே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்றார்கள். அதற்கு முன் செப்டம்பரில், படங்களைப் பற்றி விளக்கம் கேட்டு, இருபத்தெட்டு நாள் அவகாசம் தந்து கடிதம் அனுப்பினோம், பதில் இல்லை என்றார்கள். மேல்முறையீட்டுக்கான நாளும் கடந்துவிட்டது. கடிதங்கள் எல்லாம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போயிருக்கின்றன. நான் பார்க்கவில்லை என்றேன். உங்கள் பெயரில்தானே இருக்கிறது என்றார்கள். அது உண்மைதான்.

நிராகரிப்புக் கடிதம் எட்டுப் பக்கம். நானும் என் கணவரும் சாப்பாட்டு மேஜையில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தோம். கல்யாணப் படங்களைத் தாங் மெய்ச்சின் நான்கு பயணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் தேதியும் ஊரும் எழுதியிருக்கிறார்: 2015 ஜூன் பனிமலை, 2016 ஏப்ரல் இலையுதிர் காடு, 2016 டிசம்பர் கடற்கரை, 2017 ஜனவரி பழைய மாளிகை. கீழே என் கையெழுத்து. அதற்கு அதிகாரி எழுதியிருந்தது: பத்தொன்பது மாத இடைவெளியில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நான்கு படங்களிலும், ஆணின் இடது கட்டைவிரலில் ஒரே நீல நிற பிளாஸ்திரி ஒரே விதமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. இரண்டாவதாக, படத்தில் உள்ள பனி சோப்பு நுரை என்று கணவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எங்கள் கல்யாணம் பொய் என்று அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. பொய் ஆவணம் கொடுத்த பிறகு, கல்யாணம் மெய்யா என்று பார்க்க வேண்டிய அவசியம் தமக்கு இல்லை என்று இருந்தது. மூன்று வருடத்துக்கு எனக்கு விசா கிடையாது. இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு பெண் வழக்கறிஞர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். மே 19க்குள் கிளம்புவதற்கு மட்டும் அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

தன் பெயர் இருந்த பக்கத்தைப் படித்து முடித்ததும் என் கணவர் கேட்டது:

"அப்ப நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

ஒரு நிமிடம் அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அதன் பிறகு அவர் எழுந்து வேலைக்குப் போனார்.

இனி மாமனாரை யார் பார்ப்பது என்று தெரியவில்லை. என் கணவர் பகலில் வேலையை விட்டால் வீடு நடக்காது. விடாவிட்டால் கஞ்சி ஊட்ட ஆள் இல்லை. எனக்கு மூன்று வருடம் கழித்து முப்பத்தேழு. பிள்ளை பெற்றுக்கொள்ள நினைத்திருந்தோம். மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை. நான் துணிமணியை மடித்து வைப்பதைப் பார்த்து, விருந்துக்காக ஊருக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தனக்கு எந்தச் சிவப்புத் துணி வாங்க வேண்டும் என்று மருமகள் அறிவாள் என்று அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னாராம்.

அதிகாரி கேட்டபடி கல்யாண ஆல்பத்தை இன்று கொண்டுவந்து ஒப்படைத்தேன். அதற்கு வழக்குச் சான்று எண் 14 என்று சீட்டு ஒட்டினார். எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டேன். வழக்கு முடிந்த பிறகு என்றார். அதற்குள் நான் நாட்டில் இருக்கமாட்டேன், எங்களுக்குக் கல்யாணப் படம் என்று வேறு கிடையாது, ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சான்றிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கடைசியாக வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஒன்று உண்டு என்றேன். படம் எடுத்த அன்று, ஸ்டூடியோக்காரர் எல்லாப் படங்களையும் கணினியில் திருத்திக்கொண்டிருந்தார். என் கன்னத்து மருவை எடுத்தார், என் கணவருடைய தாடையைக் கூராக்கினார். அதன் பிறகு, "இந்தப் பிளாஸ்திரிய அழிச்சிடட்டா அக்கா, அசிங்கமா தெரியுது" என்று கேட்டார். அவர் அழித்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வேண்டாம், அது நான் ஒட்டியது, இருக்கட்டும் என்று சொன்னேன்.

இது வழக்குக்குத் தேவைப்படாது என்றார் அதிகாரி. எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்.

மேலே எழுதியிருப்பது முழுவதும் நான் சொன்னது, நான் அறிந்தவரை உண்மை. தாள்கள் எதுவும் வெறுமையாக இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் திரு. சூ என் மொழியில் எனக்கு வாசித்துக் காட்டினார். அதைக் கேட்ட பிறகே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வெங் லீஹுவா
6.5.2019, பிற்பகல் 1.40 மணி