கீழாநெல்லி குடித்த தேதி

ஜாக்கெட்டுக்கு முன்பக்கம் ஐந்து கொக்கிகள், ஐயா. கல்யாணமான ஆண்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். என் மனைவி சிந்தியாவுக்கு இரண்டு வருடம் தினமும் காலையில் நான்தான் மாட்டிவிட்டேன். முடக்குவாதம். விரல்கள் மடங்கிப்போயிருந்தன. மாட்டி முடிக்கும்வரை அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு முடக்குவாதத்துக்கான புது மாத்திரை பரிசோதனைக்கு வந்தது. ஊழியர் குடும்பத்தைச் சேர்க்கக் கூடாது என்பதால் அவளை அவள் அப்பா பெயரோடு பதிந்து சேர்த்தேன். கடலூரிலிருந்து வரும் யாரோ ஒரு பெண், அவ்வளவுதான். ஏழாவது வாரம் ஐந்து கொக்கியையும் தானே மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"பாத்தீங்களா, இன்னியோட உங்களுக்கு வேல போச்சு," என்றாள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களைச் சென்னையிலிருந்து கணினித் திரையில் கண்காணித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பச்சைப் பொட்டு. கல்லீரல் கெட்டால் பொட்டு சிவக்கும். அதைத் தொட்டால் அந்த ஆளின் நாட்கள் வரிசையாக விரியும். காமாலைக்கு முன்பே வேறு மருந்து சாப்பிட்டிருந்தால் பழி அதன்மேல் போய், பொட்டு சாம்பலாகி ஓரம் ஒதுங்கும். வேறு காரணமில்லாத சிவப்பு மூன்று சேர்ந்தால் பரிசோதனை நிற்கும், மாத்திரையும் நிற்கும். மற்ற ஊர்களில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. எங்கள் ஊர்த் தேதிகளைப் பதிவது என் வேலை.

பிச்சாவரம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து சின்னப்பிள்ளை வந்தாள்.

"தம்பி, கண்ணு மஞ்சளாயிப்போச்சு. கல்யாணப் பொண்ணாட்டம் மஞ்ச பூசிக்கினு நிக்கிறியேன்னு எங்க வூட்டுக்காரு கேலி பண்றாரு. நானே கீழாநெல்லி அரைச்சி மோருல குடிச்சிக்கினு இருக்கேன்."

"எப்பலேர்ந்துக்கா?"

"பன்னெண்டாந்தேதிலேர்ந்து. கண்ணு எட்டாந்தேதியே மஞ்சளாயிடுச்சி."

12-இல் முன்னால் நிற்கும் 1-ஐ எடுத்தால் 2. நான் எதையும் சேர்க்கவில்லை, ஐயா. ஓர் இலக்கத்தை எடுத்தேன். காமாலைக்குக் குடித்த பச்சிலை, காமாலையைக் கொண்டுவந்த பச்சிலையாயிற்று.

சென்னையிலிருந்து டாக்டர் வினோதினி போன் செய்தார். "பச்சிலைய நிறுத்தச் சொல்லுங்க ஜெபஸ்டின். மாத்திரையும் ரெண்டு வாரம் வேணாம்." முதல் பாதியைத்தான் சின்னப்பிள்ளையிடம் சொன்னேன். மாத்திரையை நிறுத்தி மஞ்சள் இறங்கி, மறுபடி ஆரம்பித்ததும் ஏறினால், எது காரணம் என்று திரை காட்டிக்கொடுத்துவிடும். சொன்னதைக் கேட்கிற பெண். அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் இறந்துபோனாள்.

அடுத்துக் கண் மஞ்சளான கீரப்பாளையம் ராமாமிர்தம் நாட்டு மருந்தே தொடாதவர். முழுப் பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது. அதனால் கீழாநெல்லியை நானே பறித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"இன்னா சார், ஆஸ்பத்திரியில மாத்திர தீந்துபோச்சா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். தேதியை மட்டும் காமாலைக்கு முன்னால் தள்ளினேன். அவர் சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனேன்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் சிந்தியா வெயிலுக்கு முகத்தை நிமிர்த்தினாள். கண் மஞ்சளாக இருந்தது.

அன்றே மாத்திரையை நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். நிறுத்தினால் விரல் மறுபடி மடங்கும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நீங்கள் பார்த்ததில்லை, ஐயா.

வரும் வழியில் வாய்க்கால் ஓரம் கீழாநெல்லி பறித்தேன். நானே அரைத்தேன். மாத்திரையையும் பக்கத்தில் எடுத்துவைத்தேன். "எனக்குமா? கசக்குமே," என்றாள். அவள் குடிப்பதற்கு முன்பே, பத்து நாள் முந்தைய தேதி போட்டுப் பதிந்திருந்தேன். அதற்குப் பிறகும் பதினோரு நாள் மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன்.

இப்போது புதுச்சேரி மருத்துவமனையில் அவளுக்கு நினைவு திரும்பவில்லை என்கிறீர்கள். இருக்கலாம். அன்று அந்த டம்ளரை அவளேதான் வாங்கிப் பிடித்தாள். நான் கை கொடுக்கவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மாத்திரை நன்றாக வேலை செய்தது.